அடித்தகட்டில் அழிந்த பெயர்: பழைய பொம்மைக் கார் சேகரிப்பும் இதழ்களின் பாராமுகமும்

நவராத்திரி வந்துவிட்டால் செகந்தராபாத்தின் மேற்கு மாரெட்பள்ளித் தமிழ் வீடுகளில் கொலுப்படிக்குக் கீழே தரையில் ஒரு சிற்றூர் எழும்பும். கடுகு முளைவிட்ட தோட்டம், கண்ணாடி வைத்த குளம், மணல் தூவிய சாலை. அந்தச் சாலையில் விரல் நீளக் கார்கள் வரிசையாக நிற்கும். தசாவதாரம் செட்டை எந்த ஊரில் வாங்கினோம், மரப்பாச்சி எந்தப் பாட்டியின் சீரோடு வந்தது என்றெல்லாம் சொல்லத் தெரிந்த வீட்டு அம்மாவிடம் கார்களைப் பற்றிக் கேட்டால், “அதா, பசங்க விளையாடினது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆண்டுதோறும் கொலுவைப் படம்பிடிக்க வரும் இதழ்க்காரர்களும் படிகளைத்தான் எடுக்கிறார்கள்.

ஏன் இப்படி என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. “சின்னப் பிள்ளைச் சமாசாரம்” என்பது வழக்கமாகக் கிடைக்கும் விடை. அது போதாது. அஞ்சல் தலையும் காமிக்ஸும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் பிள்ளைகளின் கைப்பொருளாக இருந்தவைதாம். அவற்றைச் சேகரிப்பவர்களைப் பற்றி எழுத நம் இதழ்கள் தயங்கியதில்லை. ஒரு பொருள் செய்தியாக வேண்டுமானால் அது எங்கே, எப்போது, யாரால் செய்யப்பட்டது என்று சொல்ல முடியவேண்டும். இந்தியப் பொம்மைக் கார்களில் ஒரு பெரும்பகுதிக்கு அந்தப் பிறப்புச் சான்று தொழிற்சாலையிலேயே அழிந்துபோனது என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் நடந்ததை முதலில் பார்ப்போம். லிவர்பூல் நகரத்து பிராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற இரும்புப்பட்டை விளையாட்டுத்தான் பின்னாளில் மெக்கானோ ஆயிற்று. அவருடைய நிறுவனம் 1916 முதல் ‘மெக்கானோ மேகசின்’ என்ற இதழைச் சொந்தமாக நடத்தியது. 1933இன் இறுதியில் ஹார்ன்பி பொம்மை ரயிலுக்குத் துணைப்பொருளாகச் சில வார்ப்பு வண்டிகள் கடைக்கு வந்தன. மறு ஆண்டில் அவற்றுக்கு டிங்கி டாய்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புதிய கார் எதுவானாலும் அதன் எண், நிறம், விலை எல்லாம் அந்த இதழில் அச்சேறும். நாளிதழ்கள் கண்டுகொள்ளாதது பற்றி அங்கே யாரும் கவலைப்படத் தேவை இருக்கவில்லை. பின்னால் வந்த சேகரிப்பாளர்களுக்கு ஓர் ஆவணக் காப்பகமே தயாராகக் காத்திருந்தது.

லெஸ்லி ஸ்மித்தும் ரோட்னி ஸ்மித்தும் 1947இல் தொடங்கிய லெஸ்னி நிறுவனம் 1953இல் ‘மேட்ச்பாக்ஸ்’ வண்டிகளைக் கொண்டுவந்தது. அவர்களுடைய கூட்டாளி ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். அதற்காக அவர் செய்து கொடுத்த சின்னஞ்சிறு வண்டியிலிருந்து பிறந்தது அந்தப் பெயர். 1956இல் மெட்டாய் நிறுவனத்தின் கார்கி டாய்ஸ் ஜன்னலில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கோடு வந்தது. 1968இல் அமெரிக்காவின் மேட்டல் 16 கார்களோடு ஹாட் வீல்ஸைத் தொடங்கியது. வழவழப்பாக ஓடும் அதன் சக்கரங்களோடு பிரிட்டிஷ் கம்பெனிகளால் போட்டியிட முடியவில்லை. 1979இல் டிங்கியின் லிவர்பூல் ஆலை மூடப்பட்டது, 1982இல் லெஸ்னி நொடித்தது, 1983இல் மெட்டாய் நொடித்தது. நான்கே ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் விளையாட்டுச் சாமான் முழுவதும் ‘பழைய பொருள்’ ஆயிற்று.

ஏல நிறுவனங்கள் நுழைய அது வழிவிட்டது. 2008இல் டபிள்யூ. இ. பாய்ஸ் என்ற கடைப்பெயர் எழுதிய போருக்கு முந்தைய டிங்கி வேன் ஒன்று வெக்டிஸ் ஏலத்தில் 19,975 பவுண்டுக்குப் போனபோது உலக நாளிதழ்கள் அதை எழுதின. லெபனான் நாட்டுக் கார்ப் பந்தய வீரர் நபில் கரம் 2011இல் 27,777 மாதிரிக் கார்களோடு கின்னஸ் சாதனை படைத்தபோதும் எழுதின. இரண்டு செய்திகளிலும் எண்தான் தலைப்பு. அந்த வேனின் வார்ப்பு எப்படிப்பட்டது, ஈயம் கலந்த கெட்ட துத்தநாகக் கலவையால் அதன் காலத்து வண்டிகள் பல வெடித்து உதிர்ந்துபோக அது மட்டும் எப்படித் தப்பியது என்பன போன்றவை செய்தியில் இடம்பெறுவதில்லை. சேகரிப்பாளர் இரவெல்லாம் விழித்திருந்து பேசுவது அவற்றைத்தான்.

இனி நம் கதைக்கு வருகிறேன். விடுதலைக்குப் பின் நுகர்பொருள் இறக்குமதி இந்தியாவில் கடுமையான உரிமக் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. உலக வர்த்தக அமைப்பில் 1999இல் இந்தியா வழக்கில் தோற்ற பிறகு, அந்த அளவுக் கட்டுப்பாடுகளின் கடைசித் தவணை 2001 ஏப்ரல் 1 அன்றுதான் நீங்கியது. அரை நூற்றாண்டுக் காலம் வெளிநாட்டுப் பொம்மைக் கார் நம் வீட்டுக்குள் வந்த வழி, மாமாவின் பெட்டிதான். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்த மாமா ஒன்றிரண்டு தருவார். அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். கடையில் கிடைக்காத பொருளுக்கு விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாத பொருளைப் பற்றி இதழில் கட்டுரை வர எந்தத் தூண்டுதலும் இல்லை. சிறுவர் இதழ்கள் அஞ்சல் தலை சேர்க்கக் கற்றுக்கொடுத்ததற்கு, நாலணா இருந்தால் எந்தக் குழந்தையும் அதைத் தொடங்க முடியும் என்பது ஒரு முக்கியக் காரணம்.

உள்நாட்டு உற்பத்தியே இல்லாமல் போகவில்லை. இங்கேதான் கதை கனக்கிறது. 1960களின் பிற்பகுதியில், டிங்கி கைவிட்ட சில வார்ப்பு அச்சுகள் கல்கத்தாவுக்கு வந்தன. அட்டாம்கோ என்ற நிறுவனம் அவற்றைக்கொண்டு ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் கார்களை வார்த்தது. அச்சில் டிங்கி என்று செதுக்கியிருந்த இடத்தைச் சுரண்டி அழித்தார்கள். சிலவற்றில் அந்த இடத்தில் நிக்கி என்று இருக்கும், சிலவற்றில் பழைய பெயரே தங்கியிருக்கும். வண்ணப்பூச்சு தடிமனாக, சில இடங்களில் வழிந்திருக்கும். ட்ரையம்ப் விட்டெஸ் காரின் அச்சு இங்கே ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ ஆயிற்று. ஏனென்றால் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவாகி நம் சாலைகளில் ஓடிய கார் அதுதான். லிவர்பூல் அச்சில் கல்கத்தாவில் வார்த்த காருக்கு வண்டலூரின் பெயர்! பொம்மைகளின் வரலாற்றில் இதைவிடச் சுவையான ஒரு பெயர்மாற்றத்தை நான் அறியேன். தமிழ்நாட்டு மோட்டார்த் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு பத்தியாவது இதற்குத் தரவேண்டும்.

இதே கல்கத்தாவில் மில்டன், மேக்ஸ்வெல் என்ற பெயர்களிலும் வார்ப்புக் கார்கள் வந்தன. கார்கி, மேட்ச்பாக்ஸ் மாதிரிகளை அவை பின்பற்றின. 1980களில் ப்ளோ பிளாஸ்ட் நிறுவனம் மேட்டலோடு சேர்ந்து ‘லியோ’ பெயரில் ஹாட் வீல்ஸ் கார்களை இங்கேயே தயாரித்தது. வேறு எந்த நாட்டிலும் வராத நிறங்களில் அவை இருப்பதால் இன்று அயல்நாட்டவர் தேடி வாங்குகிறார்கள். ஆனால் இவற்றில் எதற்கும் ஒரு மெக்கானோ மேகசின் இருந்ததில்லை. எந்த அச்சு எந்த ஆண்டு வந்தது, எத்தனை நிறத்தில் வார்த்தார்கள் என்பதை இன்றைய சேகரிப்பாளர்கள் கையிலிருக்கும் பிரதிகளை ஒப்பிட்டுத்தான் தீர்மானிக்கிறார்கள். கல்வெட்டு அறிஞர் எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிப்பதற்கு இணையான உழைப்பு அது. ஆக்சில் முனை தட்டையாக்கப்பட்ட விதம், அடித்தகட்டின் ஆணித்தலை, சக்கர பிளாஸ்டிக்கின் நிறம் ஆகியவையே அவர்களுக்குச் சான்றுகள்.

மாரெட்பள்ளி இருக்கும் செகந்தராபாத் 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த கன்டோன்மென்ட் ஊர். மதராஸ் படையோடும் பிறகு ரயில்வேயோடும் இங்கே வந்து சேர்ந்த தமிழர்கள் பத்மாராவ் நகரிலும் மாரெட்பள்ளியிலும் நிலைத்தார்கள். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல 1947க்குப் பின் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறின. இப்படிப்பட்ட ஊரில் கைமாறிக் கைமாறி வந்த சாமான்களுக்குக் குறைவிருக்காது. அடுத்துள்ள ஹைதராபாத்தின் ஜுமேராத் பஜார் வியாழக்கிழமைச் சந்தையில் பித்தளைக் குழாய்க்கும் பழைய பூட்டுக்கும் நடுவே இன்றும் கண் தேடுவது அதனால்தான். சென்னையில் அந்த இடத்தை மூர் மார்க்கெட் வகித்தது. 1985 மே 30 அன்று அது எரிந்தபோது புத்தகக் கடைகளுக்காக அழுதவர்கள் பலர். பொம்மைக் கடைகளும் அதே தீயில்தான் போயின.

ஆனால் ஹைதராபாத்தில் நிஜக் கார் என்றால் இதழ்கள் ஓடோடி வருகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். ஆறாம் நிஜாம் மெஹ்பூப் அலி கானுக்காக வரவழைத்த மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் சௌமஹல்லா அரண்மனையில் நிற்கிறது. அதைப் பற்றி எழுதாத சுற்றுலாப் பகுதியே கிடையாது. பகதூர்புராவிலுள்ள சுதா கார்ஸ் அருங்காட்சியகத்தின் கிரிக்கெட் பேட் வடிவக் காரும் பர்கர் வடிவக் காரும் எத்தனையோ முறை படமாக வந்துவிட்டன. ஓட்டிக் காட்ட முடிகிற பெரிய பொருள் புகைப்படத்துக்கு ஏற்றது. உள்ளங்கையில் அடங்குவது அப்படியல்ல. இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆயினும் ஆழமான காரணம் வேறு. பழங்கார் ஆர்வத்தை இந்தியாவில் வளர்த்ததே ஒரு நாளிதழ்தான். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ 1964இல் டெல்லியில் பழங்கார் அணிவகுப்பைத் தொடங்கியது. அந்த நாளிதழே நிகழ்ச்சியை நடத்தியது, பரிசு கொடுத்தது, மறுநாள் செய்தியும் போட்டது. மற்ற இதழ்கள் அந்த வழியைப் பின்பற்றின. பிறகு அரசும் வந்து சேர்ந்தது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், 50 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண்ணும், அதற்கு 20,000 ரூபாய்க் கட்டணமும் வகுத்தது.

சாலார் ஜங் அருங்காட்சியகம் இன்னொரு பாடம் சொல்கிறது. அங்கே குழந்தைகள் பிரிவில் பொம்மைச் சிப்பாய்களும் பொம்மை ரயிலும் இருக்கின்றன. மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கான் திரட்டியவை என்பதால் அவை வரலாற்றுக்குள் நுழைந்தன. ஒரு ரயில்வே குமாஸ்தாவின் பையன் அதே காலத்தில் திரட்டியிருந்தால் அவை பரணில் கிடந்திருக்கும்.

பொம்மைக்கு இந்தியாவில் கவனமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1965இல் டெல்லியில் பன்னாட்டு பொம்மைகள் அருங்காட்சியகத்தைத் திறந்தார். நாடுகளின் உடையணிந்த பொம்மைகளே அதன் உயிர். 2020 ஆகஸ்டு 30 அன்று பிரதமரின் வானொலி உரை சன்னபட்டணா, கொண்டப்பள்ளி, தஞ்சாவூர் பொம்மைகளைப் பெயர் சொல்லிப் பாராட்டியது. அடுத்த ஆண்டு மெய்நிகர் பொம்மைக் கண்காட்சி நடந்தது. 2020 பட்ஜெட்டில் இறக்குமதிப் பொம்மைக்கான சுங்கவரி 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்தது. அந்த நாட்களில் இதழ்களெங்கும் பொம்மைச் செய்திதான். மரமும் மண்ணும் கைவினைஞரின் குடும்பமும் அதில் இருந்தன, இருக்கவேண்டியவைதாம். ஆலையில் வார்த்த உலோகக் கார் அந்தக் கதைக்குள் பொருந்தவில்லை. அந்நிய அச்சில் வந்தது என்பதால் தேசியப் பெருமையில் அதற்குப் பங்கில்லை. கல்கத்தா ஆலையில் துத்தநாகக் குழம்பை ஊற்றியவரும் ஒரு தொழிலாளிதான். அவர் வேலை செய்த பட்டறையைப் படம்பிடிக்க யாரும் போகவில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

சட்டத்தின் கண்ணிலும் இதே நிலைமைதான். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் ஒரு பொருளுக்கு நூறு வயதைக் கேட்கிறது. டிங்கி என்ற பெயர் தாங்கிய முதல் கார்களுக்கே 2034இல்தான் அந்த வயது ஆகும். நிக்கி காருக்கு இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. நாணயத்துக்கும் அஞ்சல் தலைக்கும் அரசே வெளியீட்டாளராக இருப்பதால் நாள் குறித்த செய்தி தானாகப் பிறக்கிறது. நிஜாம் அரசின் அஞ்சல் தலைகளைச் சேர்ப்பவருக்கு அரசாணை உண்டு, வெளியீட்டு ஆண்டு உண்டு, கண்காட்சி உண்டு. தமிழ் காமிக்ஸ் சேகரிப்போருக்கு இதழின் எண்ணும் மாதமும் அட்டையிலேயே கிடைக்கின்றன. 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் எது என்று ஐயமின்றிச் சொல்ல முடிகிறது. முதல் நிக்கி ஹெரால்டு எந்த மாதம் கடைக்கு வந்தது என்று அப்படிச் சொல்ல ஒரு தாள் இல்லை.

சேகரிப்பாளரின் கூச்சத்தையும் இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். ஐம்பது வயதுக்காரர் பொம்மைக் காருக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவிட்டதை வீட்டிலேயே வெளிப்படையாகச் சொல்வதில்லை. நிருபர் வந்தால் “எவ்வளவுக்குப் போகும்?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். பதில் அச்சானால் மறுவாரமே சந்தையில் விலை ஏறும், வீட்டுக்குப் பாதுகாப்பும் குறையும். ஆகவே நல்ல திரட்டுகள் வாய் திறப்பதில்லை.

பொம்மைக் கார்களின் காலத்தைக் கணிக்கும் ஆராய்ச்சிக்கு மாரெட்பள்ளிக் கொலு ஒரு களமாக முடியும் என்று நான் நம்புவதற்குக் காரணம் உண்டு. விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளை எடுத்துவைக்கும்போது ஒவ்வொன்றையும் நாளிதழ்த் தாளில் சுற்றுவது வழக்கம். தாள் கிழியாதவரை அதையே அடுத்த ஆண்டும் பயன்படுத்துவார்கள். தாளின் மேல் ஓரத்தில் தேதி இருக்கும். ஒரு கார் அந்த வீட்டுக்கு ஏறத்தாழ எந்தக் காலத்தில் வந்தது என்பதற்கு அது ஒரு தடயம். இந்த நவராத்திரிக்குப் பெட்டியைத் திறப்பவர்கள் காரின் அடித்தகட்டில் உள்ள எழுத்தையும், அதைச் சுற்றியிருந்த தாளின் தேதியையும், யார் வாங்கி வந்தது என்ற வீட்டு நினைவையும் ஒரு சீட்டில் குறித்து, அந்தக் காரோடு சேர்த்தே திரும்பச் சுற்றிவைக்க வேண்டுகிறேன்.