மரங் காத்த மலைநாட்டு மக்கள்

மரம் பேணுதல் ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே உளர். இமயத்தின் கார்வால் மலைநாட்டு வரலாறு அக்கருத்தை மறுக்கின்றது.

1970இல் அலகநந்தாப் பெருவெள்ளம் அங்குள்ள ஊர்களைச் சிதைத்தது. காடழிந்த சரிவுகளே அழிவைப் பெருக்கின என்பதை மக்கள் உணர்ந்தனர். 1973இல் ஏர்க்கருவி செய்ய அவர்கள் கேட்ட மரம் மறுக்கப்பட்டது. விளையாட்டுக் கருவி செய்யும் கம்பனிக்கோ அம்மரமே வழங்கப்பட்டது. ஏர் பெரிதா, பந்தடிக்கும் மட்டை பெரிதா? இவ்வினாவிலிருந்தே சிப்கோ இயக்கம் முளைத்தது. 1974 மார்ச் 26ஆம் நாள், ரேணி என்னும் ஊரில் ஆடவர் இல்லாத வேளையில், கௌரா தேவியின் தலைமையில் பெண்கள் திரண்டு, மரம் வெட்ட வந்தோரைத் தடுத்து நின்றனர்.

தடுத்ததோடு அவர்கள் அமையவில்லை. சண்டி பிரசாத் பட் முதலியோர் நடத்திய முகாம்களில் மாணவரும் கிராமத்துப் பெண்களும் கூடினர். மொட்டைச் சரிவுகளில் கல்வேலி கட்டினர். கன்று நட்டுக் காத்தனர். அவற்றுட் பெரும்பாலானவை பிழைத்தன. விறகும் புல்லும் தேடி நாள்தோறும் மலையேறுபவள், தான் நட்ட கன்றைச் சாகவிடுவாளா?

உழைப்போர்க்கு மண்மீது உரிமையுள்ள இடத்திலேயே தொண்டும் வேரூன்றும் என்பதே நாம் கற்கும் பாடம்.