25 ஆண்டுக் கோடு: நாடு மாறுவோரும் அவர்களுடைய பழைய கார்களும்

ஒரு நாட்டைவிட்டு மற்றொரு நாட்டில் குடியேறுவோர் தம் வீட்டுச் சாமான்களைக் கொண்டுசெல்லப் பெரும்பாலான நாடுகளின் சுங்கச் சட்டங்கள் இடம் கொடுத்தே வந்துள்ளன. கட்டில், பாத்திரம், புத்தகம், தையல் இயந்திரம் போன்றவை பயன்படுத்திய சொந்தப் பொருள் என்ற கணக்கில் தீர்வையின்றியோ குறைந்த தீர்வையிலோ எல்லையைக் கடந்துவிடும். கார் மட்டும் அந்தப் பட்டியலில் முழுமையாகச் சேர்ந்ததில்லை. அது பொதுச் சாலையில் ஓடுகிறது, புகை விடுகிறது, பிறர் உயிருக்கும் ஊறு செய்யக்கூடியது, உள்நாட்டில் அதைச் செய்து விற்கும் பெருந்தொழில் ஒன்றும் இருக்கிறது. ஆதலால் சுங்கத் துறை, போக்குவரத்துத் துறை, சுற்றுச்சூழல் துறை ஆகிய மூன்றும் கேட்கும் கேள்விகளுக்கு அது விடை சொல்ல வேண்டியிருக்கிறது. உற்பத்தி நின்றுபோன பிறகும் வடிவத்துக்காகவும் பொறியமைப்புக்காகவும் போற்றிப் பாதுகாக்கப்படும் கார்களைக் கிளாசிக் கார் என்று அழைப்பது வழக்கம். அத்தகைய கார் எந்த வயதில் வெறும் பழைய வண்டி என்ற நிலையிலிருந்து மரபுப் பொருளாக மாறுகிறது என்பதைப் பல நாடுகள் ஓர் எண்ணால் வரையறுத்திருக்கின்றன. அந்த எண்களில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது அமெரிக்காவின் 25. அது பழைய கார்களின் மீதுள்ள பற்றினால் பிறந்த எண் அன்று. புதிய கார்களின் வணிகத்தில் எழுந்த ஒரு சச்சரவின் முடிவில் வந்து சேர்ந்தது.

1960களின் நடுப்பகுதிவரை அமெரிக்காவுக்குள் கார் கொண்டுவருவோர் தீர்வையைக் கட்டிவிட்டால் அதற்குமேல் பெரிய தடை எதுவும் இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் 1945இலிருந்து ஏறத்தாழ 10,000 எண்ணிக்கையில் தயாரான எம்ஜி டிசி என்னும் இரண்டு இருக்கைக் காரைப் படைவீரர்கள் சிலர் வாங்கித் தாயகம் திரும்பியபோது உடன் கொண்டுசென்றார்கள். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்ததோ, பம்பர் மெலிந்திருந்ததோ அன்றைய அதிகாரிகளுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

நிலைமை மாறியது 1966 செப்டம்பரில். கார்களின் வடிவமைப்பிலேயே உயிராபத்து இருக்கிறது என்று ரால்ப் நேடர் முந்தைய ஆண்டில் எழுதிய நூல் நாடெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்த சூழலில், தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அதன்கீழ் வகுக்கப்பட்ட முதல் பாதுகாப்புத் தரங்கள் 1968 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 1970இன் தூய காற்றுச் சட்டமும் அதே ஆண்டு தோன்றிய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் புகைக்கான அளவுகளை இறுக்கின. அடுத்த சில ஆண்டுகளில், மெதுவான மோதலைத் தாங்கும் பம்பர், கதவினுள் பொருத்தப்படும் எஃகுச் சட்டம், புகையிலுள்ள நச்சு வாயுக்களை வேதிவினையால் மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று அமெரிக்கக் காருக்கு மட்டுமே உரிய உறுப்புகள் பெருகின. இதன் விளைவாக, ஒரே பெயரும் ஒரே தோற்றமும் கொண்ட ஒரு ஜெர்மானியக் கார் ஐரோப்பாவுக்கு ஒன்றும் அமெரிக்காவுக்கு ஒன்றுமாக இரண்டு வகையில் செய்யப்பட்டது. ஐரோப்பியப் பதிப்பில் எஞ்சின் வலிமை கூடுதல், எடை குறைவு. அமெரிக்கப் பதிப்பு விலையிலும் எடையிலும் மிகுந்து, வேகத்தில் பின்தங்கியிருந்தது.

நாடு மாறுவோரைச் சட்டம் அப்போது முற்றிலும் மறந்துவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் கடந்த கார் ஒன்றை ஒருவர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, சொந்தப் பயன்பாட்டுக்காக, புகைத்தரத்துக்கேற்ற மாற்றங்கள் எதுவுமின்றிக் கொண்டுவரலாம் என்று சுற்றுச்சூழல் முகமை ஒரு விலக்கு அளித்திருந்தது. வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பும் படைவீரரும், குடிபெயரும் குடும்பமும் தாம் ஓட்டிப் பழகிய வண்டியைத் துறைமுகத்தில் இழந்து நிற்கக் கூடாது என்ற பரிவு அதில் இருந்தது. அந்தப் பரிவுதான் சில ஆண்டுகளில் வணிகத்தின் நுழைவாயிலாக மாறிப்போனது.

1980களின் முற்பகுதியில் டாலரின் மதிப்பு ஏறிக்கொண்டே சென்றது. 1985 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு மூன்றுக்கு மேற்பட்ட ஜெர்மன் மார்க் கிடைத்தபோது, ஜெர்மனியில் காரை வாங்கிக் கப்பலில் ஏற்றி, அமெரிக்கப் பட்டறையில் மாற்றங்கள் செய்து முடித்த பிறகும் உள்ளூர் முகவர் விலையைவிட அது மலிவாக இருந்தது. மெர்சிடிஸ் நிறுவனம் அமெரிக்காவில் 3.8 லிட்டர் எஞ்சினுடன் 380 எஸ்இஎல் காரை விற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் 5 லிட்டர் எஞ்சினுடன் 500 எஸ்இஎல் கிடைத்தது. அதை விரும்பியவர்களுக்குத் தனியார் இறக்குமதியே முதலில் ஒரே வழி. சட்ட மீறலும் அன்று, தயாரிப்பாளரின் முறையான விற்பனையும் அன்று என்ற காரணத்தால் இந்த வணிகத்துக்குக் கிரே மார்க்கெட், அதாவது சாம்பல் நிறச் சந்தை, என்று பெயர் வந்தது. 1985இல் இவ்வழியில் வந்த கார்கள் அறுபதாயிரத்தைத் தாண்டின. பட்டறைகளில் கதவைப் பிரித்து இரும்புச் சட்டம் பற்றவைத்து, விளக்குகளை மாற்றி, ஸ்பீடோமீட்டரின் கிலோமீட்டர் முகப்பை எடுத்துவிட்டு மைல் முகப்பைப் பொருத்தினார்கள். செம்மையாகச் செய்தவர்களும் உண்டு. தாளில் மட்டும் மாற்றிக் காட்டியவர்களும் உண்டு.

உள்ளூர் முகவர்களும் தயாரிப்பு நிறுவனங்களும் பாதுகாப்பைக் காரணம் காட்டி வாஷிங்டனில் வாதாடியதன் முடிவாக, இறக்குமதி வாகனப் பாதுகாப்பு இணக்கச் சட்டம் 1988 அக்டோபர் 31 அன்று நிறைவேறி, 1990 ஜனவரி இறுதியில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தரத்துக்கு ஒவ்வாத காரைத் தனிமனிதர் தாமே கொண்டுவந்து மாற்றிக்கொள்ள முடியாமல் போயிற்று; அரசிடம் பதிவுபெற்ற இறக்குமதியாளர் ஒருவர் வழியாக, காரின் தீர்வை மதிப்பைப்போல் ஒன்றரை மடங்குக்குப் பிணைத்தொகை கட்டிய பிறகே அது உள்ளே வரலாம். ஐந்து ஆண்டு விலக்கும் அக்காலத்திலேயே முடிவுக்கு வந்தது. வணிகர்களைத் தடுக்க இயற்றிய சட்டம், தம் ஒரே காரோடு வந்து இறங்கும் குடும்பத்துக்கும் அதே கதவைச் சாத்தியது. வணிகச் சரக்கையும் குடிபெயர்வோரின் உடைமையையும் பிரித்தறிவது சுங்கத்துக்கு இயலாத செயல் அன்று. அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டதே இச்சட்டத்தின் பெருங்குறை.

ஆனால் அதே சட்டம், 25 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களுக்குப் பாதுகாப்புத் தரங்கள் பொருந்தா என்றும் கூறியது. 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் தொன்மை வாகனக் கழகம் 25 ஆண்டுகளையே தொன்மைக்கு அளவாகக் கொண்டிருந்ததால், பழைய கார் ஆர்வலர்களுக்கு அந்த எண் அயலானதாக இல்லை. 1968 ஜனவரிக்கு முந்தைய கார் என்று அசையாமல் நின்ற எல்லை, அந்த 25 ஆண்டு நிறைந்த 1993முதல் ஒவ்வொரு மாதமும் ஓரடி முன்னால் நகரத் தொடங்கியது. புகைக்கான விலக்கோ 21 ஆண்டுகளிலேயே கிடைக்கும். எனினும் எஞ்சின் முதலிலிருந்த அமைப்பிலேயே இருக்க வேண்டும். இறக்குமதியின்போது பாதுகாப்புக்கு எச்எஸ்-7 என்ற படிவமும் புகைக்கு 3520-1 என்ற படிவமும் தனித்தனியே நிரப்பப்படுகின்றன.

இங்கே வயது என்பது கார் தயாரான மாதத்திலிருந்து எண்ணப்படுகிறது. விளம்பரத்தில் குறித்த மாடல் ஆண்டோ, முதல் பதிவு நாளோ கணக்கில் வாரா. அமெரிக்காவுக்கெனச் செய்த காராக இருந்தால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததும் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாதமும் ஆண்டும் அச்சாகியிருக்கும். மற்ற நாடுகளின் பழைய கார்களில் பெரும்பாலும் அந்தச் சீட்டு இருப்பதில்லை. எஞ்சின் அறையின் பின்சுவரில் ஆணியடித்த தகட்டையும், அடிச்சட்டத்தில் கொத்திய எண்ணையும், அதாவது சேஸிஸ் எண்ணையும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் படித்து, தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டே மாதத்தை உறுதிசெய்ய வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் செய்த பல கார்களுக்கு, கெய்டன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய உற்பத்திப் பேரேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் வழங்குகிறது. கார் எந்த நாளில் கட்டி முடிந்தது, என்ன நிறத்தில் எந்த முகவருக்கு அனுப்பப்பட்டது என்பதுவரை அதில் இருக்கும். தொழிற்சாலை எழுத்தர் ஒருவர் அன்றாடக் கணக்குக்காக எழுதிவைத்த ஒரு வரி, அரை நூற்றாண்டு கழித்து வேறொரு கண்டத்தின் துறைமுகத்தில் ஆவணமாக நிற்கிறது. பேரேடுகளைப் பழங்காகிதம் என்று தூக்கி எறியாமல் காத்தவர்களுக்குக் கார் வரலாறு பெரிதும் கடன்பட்டுள்ளது.

25 ஆண்டு காத்திருக்க இயலாதவர்களுக்கு 1999இல் ஒரு சிறு வழி பிறந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனர் பில் கேட்ஸ் வாங்கிய போர்ஷே 959 கார், மோதல் சோதனைக்கு உட்படுத்தப்படாத வகை என்பதால், பத்தாண்டுகளுக்கு மேல் சுங்கத்தின் பிடியில் கிடந்தது. அதைப் போன்று தொழில்நுட்பத்திலோ வரலாற்றிலோ தனிச்சிறப்புள்ள அரிய கார்களை, ஆண்டுக்கு 2,500 மைலுக்குள் ஓட்டுவது என்ற நிபந்தனையுடன் காட்சிப் பொருளாகக் கொண்டுவர அனுமதிக்கும் விதி அது. சாதாரணக் குடும்பத்தின் காருக்கு அதனால் பயன் ஏதும் இல்லை.

எண்களின் வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கனடா-அமெரிக்க எல்லை. கனடாவில் அந்த வயது வரம்பு 15 ஆண்டு. ஜப்பானில் 1989இல் வெளிவந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32 என்ற குறியீடு கொண்ட வகை, 2004இலேயே கனடாவுக்குள் வரத் தொடங்கிவிட்டது; அமெரிக்காவுக்கோ அது 2014இல்தான் வர முடிந்தது. வான்கூவருக்கும் சியாட்டிலுக்கும் இடையே இருப்பது 230 கிலோமீட்டர் அளவான சாலை. இடைப்பட்ட பத்தாண்டுகளில் வான்கூவர்க்காரர் ஒருவர் தம் ஸ்கைலைனைச் சுற்றுலாப் பயணியாக எல்லை தாண்டி ஓட்டிச் சென்று திரும்பலாம். வேலை மாறி சியாட்டிலில் குடியேறினால் அதே காரை உடன் கொண்டுசெல்லக் கூடாது. கார் மாறவில்லை, சாலை மாறவில்லை, ஓட்டுபவரின் முகவரி மட்டுமே மாறியது. இதனால் காரைக் கனடாவிலேயே ஒரு கொட்டகையில் நிறுத்திவைத்து, மாதம் முதிரும்வரை காத்திருப்பது ஒரு வழக்கமாகவே வளர்ந்தது. ஜப்பானிலிருந்து அனுப்புவோரும், கப்பல் கரைசேரும் நாள் அந்த மாதத்தைக் கடந்து அமையும்படி பயணத்தைத் திட்டமிடுகிறார்கள். 2025இல் இறக்குமதிக் கார்களின் மீது அமெரிக்கா 25 விழுக்காடு கூடுதல் தீர்வை விதித்தபோதும், 25 ஆண்டு கடந்த வாகனங்களுக்கு விலக்கு கிடைத்தது.

ஐரோப்பாவில் இந்த வினா பாதுகாப்பைவிடத் தீர்வையைச் சுற்றியே எழுந்தது. உலக நாடுகள் சரக்குகளை வகைப்படுத்தப் பயன்படுத்தும் சுங்க அட்டவணையில் 9705 என்ற தலைப்பு வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள்களுக்கு உரியது; பழைய கார் அதில் சேருமா, அல்லது வெறும் காராகவே கருதப்படுமா என்பது நீதிமன்றம்வரை சென்றது. முதலிலிருந்த நிலையில், உற்பத்தி நின்றுபோன வகையாக, 30 ஆண்டு கடந்திருக்கும் கார் வரலாற்று மதிப்புடையது என்றே கொள்ளலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1998இல் கூறியது. பிரிட்டனில் குடியேறுவோருக்குத் தனியாக ஒரு சலுகையும் உண்டு: பன்னிரண்டு மாதம் வெளிநாட்டில் வாழ்ந்து, காரை ஆறு மாதமேனும் வைத்திருந்தவர் அதைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம், பின்னர் ஓராண்டுக்கு விற்கக் கூடாது. வணிகரையும் குடிபெயர்வோரையும் பிரித்தறிய இத்தனை எளிய நிபந்தனைகளே போதும் என்பதற்கு இதுவே சான்று.

ஆஸ்திரேலியாவில் 1989க்கு முந்தைய கார் என்ற நிலையான எல்லை நெடுங்காலம் இருந்து, பின்னர் அங்கும் 25 ஆண்டு என்று நகரும் எல்லையாக மாறியது. அங்கே வேறொரு இடர்ப்பாடும் உண்டு. நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் அந்நாட்டில் 2003 இறுதியிலிருந்து அறவே தடைசெய்யப்பட்டிருக்கிறது. பழைய கார்களின் பிரேக் பட்டைகளிலும் எஞ்சின் இணைப்பு அட்டைகளிலும் கல்நார் இருப்பது இயல்பு. ஆதலால் காரை ஏற்றுமதி நாட்டிலேயே பிரித்து, ஐயத்துக்குரிய உறுப்புகளை ஆய்வகத்தில் சோதித்து, அகற்றிய பிறகே கப்பலேற்ற வேண்டும். வேறிடத்தில் காரின் மதிப்பைக் கூட்டும் மூல உறுப்பே இங்கே அதைத் துறைமுகத்தில் நிறுத்திவிடுகிறது.

இந்தியாவின் வரலாறு வேறு வகையானது. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதற்காக 1940களின் இறுதியில் முழுமையாகக் கட்டி முடித்த கார்களின் இறக்குமதி அடைக்கப்பட்டு, 1950களில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளியேறியபின், அம்பாசடர், ஃபியட், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஆகிய மூன்றே நடுத்தரக் குடும்பத்தின் கார்களாக இருந்தன. பிற்காலத்தில் வகுக்கப்பட்ட விதியின்படி பயன்படுத்திய கார் மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தொன்மைக் கார் என்றால் 1950க்கு முன் தயாரானதாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் பல ஆண்டு உழைத்துத் தமிழகம் திரும்பும் ஒருவர் அங்கே போற்றி வைத்திருந்த 1965ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒரு விதிக்கு மிகவும் பழையது, மற்றொரு விதிக்கு மிகவும் புதியது. அதை விற்றுவிட்டு வருவதைத் தவிர அவருக்கு வழி இருக்கவில்லை. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனங்களாக ஏற்று, விஏ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் வரிசையை அளித்தன. 2025இல் இறக்குமதிக் கொள்கையும் அதைப் பின்பற்றி, 1950 என்ற நிலையான எல்லையை 50 ஆண்டு என்ற நகரும் எல்லையாக மாற்றியது. மஸ்டாங்குக்கு இவ்வாறு வழி திறந்தது. கனடா 2004இலும் அமெரிக்கா 2014இலும் வரவேற்ற அந்த 1989ஆம் ஆண்டு ஸ்கைலைனோ, இப்போதுள்ள விதியின்படி, இந்தியத் துறைமுகத்தில் இறங்க 2039வரை பொறுத்திருக்க வேண்டும். இத்தனைக்கும் அதன் ஸ்டியரிங் இந்தியச் சாலைக்குப் பொருந்தும்படி வலப்பக்கத்திலேயே இருக்கிறது.