கிடுகும் தகரமும்: ஒரு கொட்டிலின் இரண்டு கூரைகள்

திருகோணமலைக் கரையோர வளவுகளில் வலையும் விறகும் படகு எஞ்சினும் வைக்க வீட்டார் தாமே எழுப்பும் கொட்டிலுக்குக் கூரை கிடுகாக இருக்கும், அல்லது தகரமாக இருக்கும். ஒன்றைப் பழமை என்றும் மற்றதைப் புதுமை என்றும் பிரித்துவிடுவது வழக்கம். வேலை நடக்கும்போது அருகே நின்று பார்த்தால் அந்தப் பிரிவு நிலைப்பதில்லை.

கிடுகு வேய்பவர் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கி ஏறுகிறார். தகரம் அடிப்பவரும் அப்படியே ஏறுகிறார். ஒரு தகட்டின் ஓரம் அடுத்ததன்மேல் படியும் பக்கமூட்டில் இந்த ஒற்றுமை இன்னும் நெருங்குகிறது. இங்கே பெருமழையைக் கொண்டுவருவது வடகிழக்கு வாடை. ஆகவே தென்மேற்கு முனையில் முதல் தகட்டை வைத்து வாடையை நோக்கி அடுக்கிச் சென்றால், மேலே படியும் தகட்டின் விளிம்பு வாடைக்கு முதுகு காட்டும். அதே விளிம்பு வைகாசி தொட்டு வீசும் தென்மேற்குக் கச்சானுக்கு முகம் கொடுக்கும் என்பதுதான் இவ்வூரின் சிக்கல். கச்சான் வறண்ட காற்று. ஒழுக்குத் தராது, விளிம்பைக் கிளப்பும். அதனால் பக்கமூட்டிலும் தகட்டோடு தகட்டைச் சேர்த்துத் திருகாணி போட வேண்டும். கிடுகுக்காரர் இதே இடத்தில் கயிற்றுக் கட்டுகளை நெருக்கிப் போடுகிறார்.

கட்டுக்கும் திருகாணிக்கும் இடையில்தான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. கயிறு இழுவைக்கு இசைந்து கொடுக்கும், திருகாணி கொடுக்காது. மூன்று மீற்றர்த் தகடு 40 பாகை சூடேறினால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் நீளும். அந்த அசைவைத் தாங்குவது திருகாணியின் றப்பர் வாசர். அளவுக்கு மீறி இறுக்கினால் அது பிதுங்கிக் கிழியும். தளர விட்டால் நீர் இறங்கும்.

புயலில் இந்த வேறுபாடு பெரிதாகிறது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல், திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தது. அப்படியான காற்றில் கிடுகு இடைவெளிகளால் அழுத்தத்தைக் கசியவிட்டு, ஓலை ஓலையாகப் பிய்ந்து போகும். தகரம் எதையும் கசியவிடாது; முழுத் தகடாகக் கிளம்பும், கிளம்பினால் ஆளை வெட்டும். உறிஞ்சும் விசை மூலைகளிலும் ஓரங்களிலும் மிகுவதால், திருகாணிகளை அங்கேதான் நெருக்க வேண்டும். சதுர மீற்றருக்கு நான்கு கிலோ அளவே உள்ள தகரம் தன் பாரத்தால் நிற்காது. இந்த ஒன்றில் அது கிடுகின் உடன்பிறப்பு.

என்னை மிகவும் வியக்க வைப்பது மழையின் பங்கு. கிடுகை மக்கச் செய்வது மழை. தகரத்தைக் காப்பதும் அதே மழை, படிந்த உப்பைக் கழுவிவிடுவதால். எனவே கூரையின் வெளிமேற்பரப்புக்கு முன்பே, மழை படாத தாழ்வார அடிப்பக்கம் துருப்பிடிக்கும். கிடுகுக்கோ உப்பு பகையல்ல. பின்னுவதற்கு முன் ஓலையைக் களப்பு நீரிலேயே ஊறப்போடுவார்கள். தகரம் அடிப்பவர் மாரிக்கு முன் ஏணி வைத்து அடிப்பக்கத்தை நன்னீரால் கழுவினால், மழை செய்யாமல் விட்டதைத் தானே செய்தவராகிறார். கிரைண்டரால் வெட்டியபோது சிதறிய இரும்புத் துகளையும் அன்றே கூட்டித் தள்ள வேண்டும். விட்டால் துகள் துருப்பிடித்துத் தகட்டின் பூச்சையும் அரிக்கும்.

வெயில் தாங்காமல் தகரத்தின்மேல் கிடுகு பரப்பும் வழக்கமும் உண்டு. நிழல் கிடைக்கும். ஆனால் நனைந்த ஓலை உப்பையும் ஈரத்தையும் தகட்டோடு ஒட்டி வைத்திருக்கும். இரண்டையும் சேர்க்க விரும்புவோருக்கு நான் சொல்வது: தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகைக் கட்டுங்கள். ஓலை நனையாது, தகட்டுச் சூடு தலையில் இறங்காது, முகட்டோரம் திறந்திருந்தால் கச்சான் அந்த இடைவெளியால் புகுந்து வெளியேறும்.