புதுச்சேரி வெயிலில் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட் போட முடியுமா? வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை

"பக்கத்துல மார்க்கெட்டுக்குத்தானே போறேன்", "வேர்வையில தலைமுடியே கொட்டிடும்", "கழுத்து வலிக்குது". புதுச்சேரியில் ஹெல்மெட் போடாதவர்கள் அதிகம் சொல்லும் காரணங்கள் இவை. இதில் உண்மையும் இருக்கிறது. கடலோர நகரத்தின் புழுக்கத்தில் கனமான, பொருந்தாத ஹெல்மெட்டைத் தலையில் வைத்திருப்பது சிரமம்தான். ஆனால் அதற்குத் தீர்வு ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைப்பதல்ல. சரியான ஹெல்மெட்டைத் தேர்ந்தெடுப்பதுதான்.

அரசியலையே சூடாக்கிய ஹெல்மெட்

2019 பிப்ரவரி 11 முதல் புதுச்சேரியில் ஹெல்மெட் கட்டாயம் என்ற உத்தரவு அமலானது. அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண்பேடி தானே சாலையில் இறங்கி, ஹெல்மெட் போடாதவர்களை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக அமல் என்பது அப்போதைய முதல்வர் நாராயணசாமியின் நிலைப்பாடு. பிப்ரவரி 13ஆம் தேதி ராஜ்நிவாஸ் முன்பு அவர் தொடங்கிய தர்ணாவின் காரணங்களில் ஹெல்மெட் விவகாரமும் ஒன்று. அதன்பின் கெடுபிடி தளர்ந்தது. 2025 ஜனவரியில் மீண்டும் இறுகியது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129-ன்படி, 4 வயதுக்கு மேற்பட்ட அனைவரும் டூவீலரில் ஹெல்மெட் அணிய வேண்டும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் இது பொருந்தும். டர்பன் அணியும் சீக்கியர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மீறினால் பிரிவு 194டி-ன்படி 1,000 ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமம் 3 மாதம் தகுதியிழக்கவும் இடமுண்டு.

அபராதத்தை விடப் பெரியது உயிர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி, 2022-ல் நாடு முழுவதும் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள்.

ஏன் ஃபுல் ஃபேஸ்?

தலையின் மேல்பகுதியை மட்டும் மூடும் "சட்டி" ஹெல்மெட் காற்றோட்டமாக இருக்கும். ஆனால் கீழே விழும்போது முகமும் தாடையும் தரையில் மோதினால் அதனால் பயனில்லை. ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டில் உள்ள தாடைப் பட்டைதான் அந்த இடத்தைக் காக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை, விழுப்புரம் சாலை என வேகமாகப் போகும் வழிகளில் தினமும் செல்பவர்களுக்கு இது முக்கியம்.

எடை குறைவு... ஆனால் எங்கே குறைந்தது?

கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுகள் ஒன்றேகால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவைச் சுற்றி இருக்கும். வெளி ஓடு சாதாரண பிளாஸ்டிக் வகையில் செய்யப்பட்டிருந்தால் விலை குறைவு. ஃபைபர் கிளாஸ், கார்பன் ஃபைபரில் செய்தால் எடை குறையலாம், விலை ஏறும். முகப்பகுதியை மேலே தூக்கும் வகை ஹெல்மெட்டில் கூடுதல் பாகங்கள் இருப்பதால் சற்று கனமாக இருக்கும்.

இங்கேதான் உஷார் தேவை. ஓட்டின் தரத்தால் எடை குறைந்தால் நல்லது. உள்ளே இருக்க வேண்டிய கெட்டியான தெர்மாகோல் அடுக்கே இல்லாமல் குறைந்தால் அது வெறும் தொப்பி. மோதலின் அதிர்ச்சியை நசுங்கி வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான். உள்துணியை விலக்கிப் பாருங்கள். வெறும் ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

இந்திய வெப்பநிலைக்கு ஏற்ற இலகுவான ஹெல்மெட் பற்றி ஆராய, உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தலின்படி எய்ம்ஸ் மருத்துவர்கள் உள்ளிட்டோர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. 2018 மார்ச்சில் அந்தக் குழு இலகுவான ஹெல்மெட்டைப் பரிந்துரைத்தது. அதற்கேற்ப தரநிர்ணயமும் திருத்தப்பட்டது. எனவே ஐஎஸ்ஐ ஹெல்மெட் என்றாலே கனமாகத்தான் இருக்கும் என்பது தவறு.

சைஸ் தப்பினால் எல்லாம் போச்சு

எடையை விட அதிகம் தொல்லை தருவது தவறான அளவுதான். லூசான ஹெல்மெட் காற்றில் ஆடும், கழுத்தை இழுக்கும். ஒரு கிலோ கூட இரண்டு கிலோ மாதிரி தெரியும்.

• புருவத்துக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு, தலையைச் சுற்றி டேப்பால் அளக்கவும். அதை அந்தக் கம்பெனியின் சைஸ் அட்டவணையோடு ஒப்பிடவும்.
• போட்டதும் கன்னம் லேசாக அழுந்த வேண்டும். நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினால் உங்கள் தலை வடிவத்துக்கு அது பொருந்தவில்லை.
• கடையிலேயே 10 நிமிடம் போட்டுப் பாருங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு, கொண்டை போடுபவர்கள் வழக்கமான தலைவாரலோடு போட்டுப் பார்ப்பது நல்லது.
• ஸ்ட்ராப் மாட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். கழன்று வந்தால் வேண்டாம்.

புழுக்கத்துக்கு என்ன வழி?

தாடையிலும் உச்சியிலும் காற்று நுழையும் துளைகள், பின்பக்கம் வெளியேறும் துளைகள் இருக்கிறதா எனப் பாருங்கள். வண்டி ஓடும்போதுதான் இவை வேலை செய்யும். இந்திரா காந்தி சதுக்கம் போன்ற சிக்னல்களில் நிற்கும்போது முன்கண்ணாடியைத் தூக்கிக்கொள்ளலாம். இரவிலும் ஓட்டுபவர்கள் கறுப்புக் கண்ணாடியைத் தவிர்த்து, நிறமற்றதை வாங்குவது பாதுகாப்பு.

உள்துணியைக் கழற்றித் துவைக்கும் வசதி கட்டாயம் பாருங்கள். மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்தினால் நாற்றமும் அரிப்பும் குறையும். மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டால் வியர்வையை அது உறிஞ்சிவிடும்.

ஐஎஸ்ஐ ஸ்டிக்கரை நம்பலாமா?

2021 ஜூன் 1 முதல் பிஐஎஸ் சான்று பெற்ற ஹெல்மெட்டுகளை மட்டுமே விற்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 4151 என்ற தர எண்ணும், 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் கம்பெனியின் பெயர் வரும். பெயர் பொருந்தவில்லை என்றால் ஸ்டிக்கர் போலி.

வாடகை வண்டி எடுப்பவர்கள் கவனத்துக்கு

வார இறுதியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து ஆரோவில், கடற்கரை எனச் சுற்றுபவர்கள், வண்டியோடு தரும் ஹெல்மெட்டை அப்படியே மாட்டிக்கொள்ள வேண்டாம். ஸ்ட்ராப் பூட்டுகிறதா, ஓட்டில் விரிசல் இருக்கிறதா, தலைக்குப் பொருந்துகிறதா எனப் பார்த்து, இருவருக்கும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஒருமுறை விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். நசுங்கிய தெர்மாகோல் இரண்டாவது அடியைத் தாங்காது. எந்த ஹெல்மெட்டாக இருந்தாலும் ஸ்ட்ராப் மாட்டினால்தான் அது தலையில் நிற்கும். தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் இதே விதிதான்.