மிளகுக் கிடங்கும் நூலகமும்: மட்டாஞ்சேரிக் கட்டடங்கள் சொல்லும் வரலாறு

கடலோர நகரத்தில் பொதுநூலகமும் பண்பாட்டு மையமும் அமைப்போர் முதலில் எதிர்கொள்வது ஈரக்காற்றை. தாளில் பூஞ்சை படரும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மட்டாஞ்சேரியின் வணிகர்கள் இதே சிக்கலை மிளகின் பொருட்டு எதிர்கொண்டவர்கள். ஈரம் ஏறிய மிளகும் பூஞ்சை பிடித்து விலையிழக்கும். ஆகவே அவர்களுடைய பண்டகசாலைகள் தடித்த சுவர்களும் ஓடு வேய்ந்த உயர்ந்த கூரையும் வெயில் விழும் முற்றமும் கொண்டு எழுந்தன. மட்டாஞ்சேரியை அடுத்த கல்வத்திச் சாலையில் உள்ள 'பெப்பர் ஹவுஸ்' இதற்குச் சான்று. நீர்முகப்பில் ஒரு கிடங்கு, தெருமுகப்பில் ஒரு கிடங்கு, இடையே அகன்ற முற்றம். இன்று அங்கே கலை நூலகமும் காட்சிக்கூடமும் இயங்குகின்றன.

இக்கிடங்குகளின் முக்கியத்துவம் ஒரே நாளில் மங்கிவிடவில்லை. 1920இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கழிமுகத்தை ஆழப்படுத்தினார்; 1928இல் பெருங்கப்பல் உள்துறைமுகத்துள் நுழைந்தது. தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவானது. சரக்குப் போக்குவரத்தின் நடுவம் அங்கே நகர்ந்தது. யூதத் தெருவில் 1957இல் தொடங்கிய மிளகுச் சந்தைச் சங்கம் வணிக மரபைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றது. 2011இல் வல்லார்பாடத்தில் சரக்குப்பெட்டக முனையம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 2012 டிசம்பர் 12 அன்று, கொச்சி-முசிறி ஈராண்டுக் கலைவிழா தொடங்கியது. பழைய பண்டகசாலைகள் கலைக்கூடங்களாயின. பின்னைய விழாக்களில் மட்டாஞ்சேரியின் ஆனந்த் கிடங்கும் அவற்றோடு சேர்ந்தது.

கட்டடம் காக்கப்பட்டது, அதன் வாயிலில் நின்றவர்களின் நினைவு அவ்வாறு காக்கப்பட்டதா என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. கொச்சித் துறைமுகத்தில் நிலவிய 'சாப்பா' முறையில், வேலைக்கான உலோக வில்லைகள் கூட்டத்தின் நடுவே வீசப்பட்டன. முண்டியடித்து எடுத்தவனுக்கே அன்றைய கூலி. இம்முறையை எதிர்த்து 1953 செப்டம்பரில் மட்டாஞ்சேரியில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர். அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இந்நகரில் வாழ்கின்றனர்.

கலைவிழா சில மாதங்களில் முடியும். நூலகம் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் கேரளப் பொதுநூலகச் சட்டம் கட்டட வரியோடு நூலக வரியையும் விதிக்கிறது. எனவே பொதுநூலகம் வரி செலுத்தும் குடிமக்களின் உரிமை. மட்டாஞ்சேரியில் மலையாளத்துடன் கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் உருதுவும் ஒலிக்கின்றன. அருகிலுள்ள கோட்டைக்கொச்சியின் சலவைத்துறையில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்து வருகின்றன. அங்கே அமையும் நூலகத்தின் அடுக்குகளில் இம்மொழிகள் இடம்பெறுவதும், சாப்பா காலத்துத் தொழிலாளர் நினைவுகளும் ஆவணங்களும் திரட்டிக் காக்கப்படுவதும் அதன் வடிவமைப்பிலேயே அடங்க வேண்டியவை.

பண்டகசாலைக்கு இரு வாயில்கள் இருந்தன. நீர்வாயில் சரக்குக்கும் தெருவாயில் ஊருக்கும் உரியவை. சுற்றுலா நீர்முகப்பையே நாடுகிறது. நாளிதழ் படிக்கும் அறையும் சிறுவர் பகுதியும் தெருவாயிலை ஒட்டி அமைந்து, வேலை முடிந்து திரும்புவோருக்காக மாலையிலும் திறந்திருந்தால், அக்கட்டடம் ஊருக்கு உரியதாகும்.