இரண்டு மணி நேரம்: தேவாரம் மலையிலிருந்து ஒரு பிரசவ வரலாறு

இந்த எபிசோடை என் அம்மாச்சி சொன்ன ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஊர் தேனி மாவட்டத்துல இருக்கிற தேவாரம். ஊருக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தா மலை. அதுக்கு அந்தப் பக்கம் கேரளாவோட இடுக்கி, ஏலத்தோட்டங்கள். எங்க சனங்க தலைமுறை தலைமுறையா சாக்குலூத்து மெட்டு வழியா நடந்தே ஏறி அங்க வேலைக்குப் போனவங்க.

அம்மாச்சியோட அக்காவும் அப்படிப் போனவங்கதான். 1960கள்ல, தோட்டத்து லயத்துல அவங்களுக்கு மூணாவது பிரசவம். மருத்துவச்சி கூட இருந்தாங்க. குழந்தை நல்லபடியா பிறந்துருச்சு. ஆனா ரத்தம் நிக்கல. "பிள்ளை பெத்தா உதிரம் போகத்தானே செய்யும்னு இருந்துட்டோம்டா"ன்னு அம்மாச்சி சொல்வாங்க. பயம் வந்ததுக்கு அப்புறம், கம்பளியில தூளி கட்டி நாலு பேர் தூக்கிட்டு இறங்கினாங்க. பாதி மலையிலேயே உயிர் போயிருச்சு. அந்தக் குழந்தைதான் எங்க பெரியம்மா.

அந்த லயத்துல என்ன நடந்திருக்கும்? நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் பாயுது. நஞ்சுக்கொடி பிரிஞ்சதும், அது ஒட்டியிருந்த இடத்துல ரத்தக்குழாய்கள் திறந்து கிடக்கும். அதை மூடுறது கர்ப்பப்பையோட தசை. தசை இறுகினா குழாய்கள் நெரிபட்டு ரத்தம் நிக்கும். தளர்ந்தே கிடந்தா நிக்காது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு முக்கியமான காரணம் இதுதான். மத்த சிக்கல்களோட ஒப்பிட்டா இதுக்கு அவகாசம் ரொம்பக் குறைவு. பிரசவத் தொற்றுல சில நாள் கிடைக்கும். சிகிச்சையே இல்லாத கடுமையான ரத்தப்போக்குல சராசரியா 2 மணி நேரம்தான்.

இந்த 2 மணி நேரத்தைக் கையில வச்சுக்கிட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

சென்னையில அரசுப் பிரசவ ஆஸ்பத்திரி 1844லயே வந்துருச்சு. இன்னைக்கு எழும்பூர்ல இருக்கிற தாய்சேய் மருத்துவமனைதான் அது. மதுரையில இருந்து போடிக்கு ரயில் வந்தது 1928ல. ஏலக்காய் மாதிரி மலைச்சரக்கை இறக்குறது அதோட முக்கியமான வேலை. 1935ல லண்டன்ல எர்கோமெட்ரின் மருந்தைப் பிரிச்செடுத்தாங்க. 1953ல அமெரிக்காவுல வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசினைச் செயற்கையா உருவாக்கினார்; 1955ல நோபல் பரிசும் வாங்கினார். தளர்ந்த கர்ப்பப்பையை இறுக வைக்கிற மருந்துகள் இவை.

அதாவது, அம்மாச்சியோட அக்கா இறந்தப்போ மருந்தும் இருந்துச்சு, ஆஸ்பத்திரியும் இருந்துச்சு, சரக்குக்கு ரயிலும் இருந்துச்சு. எதுவும் அந்த லயத்துக்கு 2 மணி நேர தூரத்துல இல்ல. தேவாரத்துல இருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கே சுமார் 100 கிலோமீட்டர். அதுக்கு முன்னாடி மலை இறங்கணும்.

1994ல செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க சொன்னது 'மூணு தாமதம்'. ஆபத்துன்னு புரிஞ்சு முடிவெடுக்கிறதுல தாமதம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுல தாமதம். சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்கிறதுல தாமதம். முதல்தடவை படிச்சப்போ எனக்கு அம்மாச்சி குரல்தான் கேட்டுச்சு. "உதிரம் போகத்தானே செய்யும்" முதல் தாமதம். கம்பளித் தூளி ரெண்டாவது. மூணாவது வரைக்கும் அவங்க போகவே இல்ல.

அதுக்கப்புறம் தமிழ்நாடு இந்த மூணையும் குறைக்கிற வேலையைத்தான் பார்த்துச்சு. கிராமத்து நர்ஸம்மா வீடு தேடி வந்து கர்ப்பத்தைப் பதிவு பண்றாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரியும் பிரசவம் பார்க்கிறாங்க. 2004ல க.விலக்குல தேனி அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2008ல 108 ஆம்புலன்ஸ் வந்துச்சு. இன்னொரு முக்கியமான விஷயம், ஒரு தாய் இறந்தா ஏன் இறந்தாங்கன்னு விசாரிச்சுத் தணிக்கை பண்றாங்க. இன்னைக்குத் தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் மருத்துவமனைகள்லதான்.

மருத்துவமும் மாறிச்சு. டாக்கா மருத்துவக் கல்லூரி டாக்டர் சயீபா அக்தர், ஆணுறையை ரப்பர் குழாய்ல கட்டி, கர்ப்பப்பைக்குள்ள வச்சு, உப்புநீர் நிரப்பி உள்ளிருந்தே அழுத்தி ரத்தத்தை நிறுத்திக் காட்டினாங்க. விலை உயர்ந்த கருவி வாங்க முடியாத ஆஸ்பத்திரிக்கான வழி. 1997ல இங்கிலாந்துல பி-லிஞ்ச், கர்ப்பப்பையைச் சுத்தி இறுக்கித் தைக்கிற தையலை வெளியிட்டார். இதெல்லாம் பலிக்கலேன்னாதான் கடைசியா கர்ப்பப்பையையே எடுக்கிறாங்க. முதல் குழந்தைக்காரப் பொண்ணுக்கு அந்த முடிவு எவ்வளவு பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க. சீக்கிரம் வந்தா தையலோட போயிரலாம். லேட்டானா கர்ப்பப்பை போகும், இல்ல உயிர் போகும்.

2018-20 கணக்குப்படி, 1 லட்சம் குழந்தைகள் உயிரோட பிறந்தா இந்தியாவுல 97 தாய்மார் இறக்கிறாங்க. தமிழ்நாட்டுல 54. கேரளாவுல 19. எங்க மலைக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண்.

ஆனா மாநில சராசரி மலைச்சரிவைக் காட்டாது. இன்னைக்கும் விடியக்காலையில எங்க பக்கத்துப் பொண்ணுங்க ஜீப்ல நெருக்கி உட்கார்ந்து மெட்டு ஏறி ஏலக்காட்டுக்குப் போறாங்க. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கு. ரத்தசோகை இருந்தா, மத்தவங்க தாங்குற அளவு ரத்த இழப்பைக்கூட உடம்பு தாங்காது. அவங்களுக்கு அந்த 2 மணி நேரமும் கிடைக்காது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிர்ல வைக்கணும்; கரண்ட் போற மலையில அதுவும் ஒரு பிரச்சினை.

சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு கேட்டு எங்க ஊர்ல பல வருஷமா பேசிக்கிட்டு இருக்காங்க. ஏலக்காய் இறங்க, வேலைக்கு ஏறன்னுதான் எல்லாரும் காரணம் சொல்வாங்க. எங்க பெரியம்மா மட்டும் வேற காரணம் சொல்வாங்க. "எங்கம்மா முகத்தை நான் பார்த்திருப்பேன்"னு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். உங்க வீட்டுல ஒரு பாட்டி இருந்தா, அவங்க காலத்துப் பிரசவத்தைப் பத்தி இன்னைக்கே கேட்டு வச்சுக்கோங்க.