249ஆவது பெயர்

2014 மே மாதம் நியூயோர்க்கில் மூன்று நாட்களாக நடந்த என்.எஃப்.எல் ட்ராஃப்டில் 256 இளைஞர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. முதலாவது பெயர் ஜடேவியன் கிளௌனி. 249ஆவது பெயர் மைக்கல் சாம். இரண்டு பேரும் களத்தில் ஒரே இடத்தில் நிண்டு விளையாடுபவர்கள். இரண்டு பேரும் பல்கலைக்கழக ஆட்டத்தில் மிகக் கடினமானது என்று சொல்லப்படுகிற தென்கிழக்குப் பிரிவில் இருந்து வந்தவர்கள். அதற்கு முந்தின பருவத்தில் கிளௌனி எதிரணியின் குவாட்டர்பேக்கை விழுத்தியது 3 தடவை. சாம் விழுத்தியது 11.5 தடவை. (அரை எங்கிருந்து வந்தது எண்டால், இரண்டு பேர் சேர்ந்து விழுத்தினால் ஆளுக்குப் பாதி.)

மூன்று விழுத்தினவர் முதலாவது, பதினொன்றரை விழுத்தினவர் கடைசிக்குக் கிட்ட. பார்த்த உடனேயே அநியாயம் எண்டு சொல்லிப்போட்டுப் போகலாம். ஆனால் விசயம் அவ்வளவு லேசில்லை.

அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பந்து ரக்பிப் பந்து மாதிரித்தான். ஆனால் இதில் குவாட்டர்பேக் என்கிற ஆள் பந்தை முன்னுக்கு எறியலாம். எறிய அவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று செக்கன்கள். அவரைக் காக்க ஐந்து பேர் மதில் மாதிரி நிற்பார்கள், ஒவ்வொருவரும் 300 இறாத்தல் அளவில். அந்த மதிலைச் சுற்றியோ உடைத்தோ உள்ளே போய், பந்து கையை விட்டுப் போக முதல் ஆளை விழுத்துவதுதான் பாஸ் ரஷரின் வேலை. குவாட்டர்பேக்குக்கு அடுத்தபடியாக அணிகள் காசைக் கொட்டுகிற இடங்களில் இதுவும் ஒன்று. பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தவன் தொழில்முறை ஆட்டத்திலும் செய்வானா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஒவ்வொரு அணியும் ஊர் ஊராக ஸ்கௌட்களை அனுப்புகிறது. அறுபது வருசத்துக்கு மேலாகத் தேடுகிறார்கள், இன்னும் பிழைக்கிறார்கள்.

முதல் ட்ராஃப்ட் 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. பெயர்ப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதி வைத்துத்தான் எடுத்தார்கள். முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பேர்வாங்கர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட விளையாடவில்லை. ஆரம்பமே அப்பிடி.

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த ஆள் டீக்கன் ஜோன்ஸ். புளோரிடாவின் ஈற்றன்வில் என்ற கறுப்பின ஊரில் பிறந்தவர். சவுத் கரோலைனா ஸ்டேட் என்கிற கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது சிவில் உரிமைப் போராட்டம் ஒன்றில் கலந்துகொண்டதற்காக அவருடைய புலமைப்பரிசிலைப் பறித்தார்கள். பிறகு மிசிசிப்பியில் ஒரு சின்னக் கல்லூரிக்குப் போனார். அங்கெல்லாம் ஸ்கௌட்கள் அவ்வளவாக எட்டிப் பார்ப்பதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்காரர்கள் வேறொரு ஓட்டக்காரனைப் பார்க்கத்தான் படச்சுருளைப் போட்டிருக்கிறார்கள். அதில் அந்த ஓட்டக்காரனையே ஒரு பெரிய தடுப்பாளன் துரத்திப் பிடிக்கிறான். யாரடா இவன் எண்டு பெயரைக் குறித்துக்கொண்டு, 1961 ட்ராஃப்டில் 14ஆவது சுற்றில் எடுத்தார்கள். அவருக்கு முதல் 185 பேர் எடுபட்டிருந்தார்கள்.

குவாட்டர்பேக்கை விழுத்துவதற்கு 'சாக்' என்ற பெயரைப் பிரபலமாக்கியவரும் இவர்தான். அந்த ஆளைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி அடிக்கிற மாதிரி எண்டு விளக்கம் சொல்லுவார். நாங்கள் அரிசி கட்டுகிற அதே சாக்குத்தான். ஆனால் லீக் 1982இல்தான் இந்தக் கணக்கை அதிகாரபூர்வமாக எழுதத் தொடங்கியது. ஜோன்ஸ் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். பிறகு ஆய்வாளர்கள் பழைய ஆட்டப் பதிவுகளைக் கிண்டி எண்ணிப் பார்த்தபோது 173.5 வந்தது. 200 எடுத்த புறூஸ் ஸ்மித்தும் 198 எடுத்த ரெஜி வைற்றும்தான் அவருக்கு மேலே. 14ஆவது சுற்றில் எடுத்த பெடியன்!

ஆக, பிழை அளவுகோலில் மட்டும் இருக்கவில்லை. எங்கே போய்ப் பார்த்தார்கள் என்பதிலும் இருந்தது. பிற்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் இதை விளங்கிக்கொண்டது. பில் நன் என்கிற கறுப்பினப் பத்திரிகையாளர் கறுப்பினக் கல்லூரிகளின் ஆட்டங்களை வருடக்கணக்காக எழுதிவந்தவர். 1960களின் பிற்பகுதியில் அவரையே ஸ்கௌட் வேலைக்கு எடுத்தார்கள். 1969இல் 10ஆவது சுற்றில் எல்.சி. கிரீன்வூட் என்ற பாஸ் ரஷரை ஆர்கன்சாவின் கறுப்பினக் கல்லூரியொன்றில் இருந்து கொண்டுவந்தார்கள். அடுத்த பத்து வருசத்தில் அந்த அணி நான்கு சூப்பர் போல் வென்றது.

இன்னொரு பக்கத்தில் டலஸ் கவ்போய்ஸ் 1960களிலேயே கணினியை இறக்கியது. அதற்கான புள்ளிவிபர வேலையைச் செய்தவர் இந்தியாவில் பிறந்த சலாம் குரேஷி. அமெரிக்கன் ஃபுட்போலோடு வளர்ந்தவர் இல்லை, ஆனால் எண்ணத் தெரிந்தவர். குணநலன், போட்டி மனப்பான்மை போன்றவற்றையும் எண்ணாக மாற்றிக் கணினிக்குள் போட்டார்கள். 'குணநலன்' எப்படி எண்ணாகும்? ஒரு ஸ்கௌட் பார்த்துப் புள்ளி போட்டால் ஆகும். அதாவது மனிதரின் அபிப்பிராயம் கணினிக்குள் போய் விஞ்ஞானமாக வெளியே வரும். இதை ஒருக்கா ஞாபகத்தில் வைத்திருங்கோ.

1980களில் கொம்பைன் வந்தது. 1987இலிருந்து இண்டியானாபொலிஸில் நடக்கிறது. உயரம், நிறை, கை நீளம், உள்ளங்கை அகலம், 40 யார் ஓட்டம், நின்ற இடத்தில் பாய்ச்சல், 225 இறாத்தல் பாரத்தை எத்தனை தரம் தூக்குவது எல்லாம் அளப்பார்கள். இளைஞர்கள் அரைக் காற்சட்டையோடு மேடையில் ஏறி நிற்க, அணிக்காரர்கள் குறிப்பெடுப்பார்கள். பெரும்பாலும் கறுப்பின இளைஞர்களின் உடல்களை இப்படி நிறுத்தி அளப்பதைப் பார்க்க அடிமைச் சந்தை நினைவுக்கு வருகிறது என்று அமெரிக்காவிலேயே பலர் எழுதியிருக்கிறார்கள். பார்த்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

1995இல் பொஸ்ரன் கொலிஜில் இருந்து வந்த மைக் மமூலா, கடந்தகால வினாத்தாள் செய்து பழகிப் போகிற பிள்ளை மாதிரி, கொம்பைனில் என்னென்ன சோதிப்பார்களோ அதையே மாதக்கணக்கில் பயிற்சி செய்துகொண்டு போனார். 261 அல்ல, 248 இறாத்தல் அளவான உடம்போடு 40 யாரை 4.58 செக்கனில் ஓடினார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மயங்கிப்போய், வேறு தெரிவுகளைக் கொடுத்து மேலே ஏறி, 7ஆவது இடத்தில் அவரை எடுத்தது. மமூலா ஒண்டுக்கும் உதவாத ஆள் இல்லை, மொத்தமாக 31.5 சாக் எடுத்தார். ஆனால் இடம் மாறின ரம்பா பே அணி 12ஆவதாக எடுத்தது வொரன் சாப்பை. அவர் இன்று லீக்கின் புகழ்மண்டபத்தில் இருக்கிறார்.

மறுவளமாக 2003இல் ரெறல் சக்ஸ். ஒரே பருவத்தில் 24 சாக், பல்கலைக்கழகச் சாதனை. ஆனால் 40 யார் மெதுவாக ஓடினார் எண்டு பத்தாவது இடத்துக்கு இறங்கினார். முடிவில் 139 சாக் எடுத்தார். 2008இல் வேர்னன் கோல்ஸ்ரன், பாரத்தை 37 தரம் தூக்கிய இரும்பு உடம்பு. ஜெற்ஸ் 6ஆவதாக எடுத்தது. மூன்று பருவத்தில் அவர் எடுத்த சாக்: பூச்சியம்.

ஏன் இப்படி ஆகிறது? பாஸ் ரஷர் 40 யார் ஓடுவதே அபூர்வம். அவருக்குத் தேவை முதல் இரண்டு, மூன்று எட்டுத்தான். பிறகு மதிலின் ஓரத்தில் வேகத்தைக் குறைக்காமல், விழாமல், உடம்பைச் சரித்து வளைந்து திரும்ப வேண்டும். எதிராளியின் கையைத் தட்டி விடத் தெரியவேணும். முதல் உத்தி பலிக்காவிட்டால் அடுத்தது தயாராக இருக்கவேணும். இதெல்லாம் படத்தில்தான் தெரியும். சாக் எண்ணிக்கையும் ஏமாற்றும்: பலமில்லாத அணிக்கு எதிராக எடுத்ததா, குவாட்டர்பேக் தானே ஓடி வந்து விழுந்ததா எண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கவேணும்.

இனி 2014க்கு வருவோம். கிளௌனியைக் கண்டு பயந்து எதிரணிகள் இரண்டு பேரை வைத்து மறித்தன, ஆட்டத்தையே மற்றப் பக்கம் கொண்டுபோயின, காயங்களும் இருந்தன. அந்த 3இன் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. 40 யாரை 4.53 செக்கனில் ஓடினார். அவரை முதலாவதாக எடுத்தது விளங்குகிறது. சாமின் 11.5இல் 9, மூன்றே மூன்று ஆட்டங்களில் வந்தவை. கொம்பைனில் 4.91 செக்கன், பாய்ச்சல் 25.5 அங்குலம். உண்மையாகவே மோசம். ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் அவர் விளையாடிய இடத்துக்குச் சின்ன ஆள் என்ற குறையும் இருந்தது. ஒரு நேர்மையான ஸ்கௌட் அவரைக் கீழே போட்டிருக்கலாம்.

ஆனால் அவர் பிரிவின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். நடுச் சுற்றுகளில் எடுபடுவார் எண்டுதான் பரவலாகக் கதைக்கப்பட்டது. 2014 பெப்ரவரி 9ஆம் திகதி, தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளியில் சொன்னார். கூட விளையாடினவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரிந்த பிறகுதான் அந்தப் பருவத்தின் பெரும்பாலான ஆட்டங்களை வென்றார்கள். உடனேயே பெயர் சொல்லாத நிர்வாகிகள் பத்திரிகைகளுக்குக் கதை சொல்லத் தொடங்கினார்கள்: உடைமாற்றும் அறையில் சங்கடம், கவனச்சிதறல், அவருடைய இடம் இறங்கும். எனக்கு இது வேற சாக்கு மாதிரித்தான் தெரிகிறது. இரண்டு வருசத்துக்குப் பிறகு, 2016 கொம்பைனில், அட்லாண்டா அணியின் பயிற்றுநர் ஒருவர் ஒரு வீரனிடம் உனக்கு ஆண்களைப் பிடிக்குமா என்றே கேட்டார். வெளியே தெரிந்ததும் அணி மன்னிப்புக் கேட்டது. குணநலன் என்ற பெட்டிக்குள் என்னென்ன போய் விழுகிறது பாருங்கோ.

அவரை எடுத்தது ராம்ஸ், டீக்கன் ஜோன்ஸை எடுத்த அதே அணி. பருவத்துக்கு முந்தின ஆட்டங்களில் 3 சாக் எடுத்தார். ஓகஸ்ட் 30 நிறுத்தப்பட்டார். அந்த அணியில் ஏற்கெனவே முந்தின பருவத்தில் 19 சாக் எடுத்த ரொபேர்ட் குவின் இருந்தார். அதே ட்ராஃப்டில், உயரம் காணாது என்று சொல்லப்பட்ட ஆரன் டொனால்டையும் எடுத்திருந்தார்கள். இடமில்லை என்றால் நம்பலாம். டலஸ் தன் பயிற்சி அணியில் வைத்திருந்து, ஒக்ரோபரில் விட்டது. அந்த லீக்கில் ஒரு அதிகாரபூர்வ ஆட்டம்கூட அவர் விளையாடவில்லை. ஆட்டத்தால் போனது எவ்வளவு, ஆளால் போனது எவ்வளவு என்று பிரித்தெடுக்க எந்த நிறுத்துப்படியும் இல்லை. அப்படிப் பிரிக்க முடியாமல் இருப்பது அணிகளுக்கு வசதியாகவும் இருக்கிறது.

பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் புலமைப்பரிசில் இல்லாமல் அணிக்குள் நுழைந்த ஒரு பெடியன் இருந்தார், பெயர் கார்ல் நாசிப். கடைசிப் பருவத்தில் 15.5 சாக் எடுத்து நாட்டிலேயே முதலாவதாக வந்து, 2016இல் மூன்றாவது சுற்றில் எடுபட்டார். 2021 ஜூனில், லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் அணியில் இருக்கும்போது, தானும் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்தார். செப்ரெம்பரில் முதல் ஆட்டம் போல்ரிமோர் ரேவன்ஸோடு. மேலதிக நேரத்தில் அவர் லமார் ஜாக்சனை விழுத்த, பந்து கையை விட்டுத் தெறித்தது. ரெய்டர்ஸ் 33–27 எண்டு வெண்டது.